நான்கு சென்டிமீட்டர் தண்ணீர்

13 டிகிரி வட அட்சக்கோடு காக்ஸ் டவுன் பக்கமாகப் பெங்களூரைக் கடக்கிறது. தெருவில் அதற்கு அடையாளம் எதுவும் கிடையாது. ஆனால் இந்திய நில அளவைத் துறை தன் வரைபடத் தாள்களை அந்தக் கோட்டில்தான் வெட்டுகிறது. கோட்டுக்கு வடக்கே உள்ள லிங்கராஜபுரம் 57 ஜி/12 என்ற தாளின் அடிவிளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் தொலைவில்கூட இல்லாத அல்சூர் ஏரி அடுத்த தாளில், 57 எச்/9-இல் கிடக்கிறது. இரண்டையும் ஒட்டினால்தான் எங்கள் தெருவும் அந்த ஏரியும் ஒரே மேசைக்கு வரும்.

ஒட்ட வைத்தது ஒரு டீக்கடைப் பேச்சு. லிங்கராஜபுரம், காக்ஸ் டவுன், அல்சூர் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் யாராவது ஒருவர் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் படையில் இருந்திருப்பார். மாலையில் மேம்பாலத்துக்குக் கீழே கூடும் ஓய்வுபெற்ற படைவீரர்களின் பேச்சில் அல்சூர் ஏரிப் படகுகள் வராமல் போகாது. அப்படி ஒரு நாள் கேள்வி கிளம்பியது: இவ்வளவு பெரிய ஏரி ஊர் நடுவில் இருந்தும், துடுப்புப் படகு, கயாக், கேனோ போட்டிகளுக்கான சர்வதேசத் தடம் இங்கே ஏன் அமையவில்லை? அரசியல் என்றார் ஒருவர். பணம் என்றார் இன்னொருவர். எனக்கு இரண்டு பதிலும் அவசரமாகப் பட்டது. பழைய தாள்களைப் புரட்டிப் பிழைப்பவனுக்கு அளந்து பார்ப்பதுதான் முதல் வேலை.

சர்வதேசத் துடுப்புப் படகுப் பந்தயத்தின் நீளம் 2000 மீட்டர். வளைவு கூடாது, நேர்கோடு. ஆறு தடங்கள், ஒவ்வொன்றும் 13.5 மீட்டர் அகலம். ஆக மொத்தம் 81 மீட்டர். கயாக், கேனோ விரைவுப் பந்தயங்களுக்கு ஒன்பது தடங்கள், தலா 9 மீட்டர். அதுவும் 81 மீட்டர்தான். இரண்டு விளையாட்டும் ஒரே நீரைப் பங்கிட்டுக்கொள்வதற்கு இந்தக் கணக்குப் பொருத்தம் மிக வசதி. ஆழம் எந்த இடத்திலும் மூன்று மீட்டருக்குக் குறையக் கூடாது. தரை மேடும் பள்ளமுமாக இருந்தால் மூன்றரை வேண்டும். ஆழம் குறைந்த இடத்தில் படகின் அலை தரையில் பட்டுத் திரும்பி அதே படகின் வேகத்தைக் குறைக்கும். ஒரு தடம் ஆழமாகவும் பக்கத்துத் தடம் ஆழம் குறைவாகவும் இருந்தால் பந்தயம் தொடங்கும் முன்பே பாதி முடிவாகிவிடும். தடங்களைப் பிரிக்கும் மிதவை வரிசைக்கு அல்பானோ முறை என்று பெயர். 1960 ரோம் ஒலிம்பிக்கின் படகுப் போட்டிகள் நடந்த அல்பானோ ஏரி கொடுத்த பெயர் அது.

1:50,000 அளவுத் தாளில் 2000 மீட்டர் என்பது 4 சென்டிமீட்டர். அகலம் ஒன்றரை மில்லிமீட்டரும் கொஞ்சமும். அந்த அளவில் ஒரு காகிதக் கீற்றை வெட்டி அல்சூர் ஏரிமேல் வைத்தேன். நீளவாக்கில், அகலவாக்கில், மூலைக்கு மூலை எப்படித் திருப்பினாலும் கீற்று கரையேறி நின்றது. ஏறத்தாழ 50 ஹெக்டேர் பரப்பும் நடுவில் தீவுகளும் கொண்ட ஏரி அது. கெம்பே கவுடர் வழியினர் வெட்டியது, 1862 முதல் 1870 வரை ஆணையராக இருந்த பவ்ரிங் காலத்தில் சீரமைக்கப்பட்டது என்பது நகர வரலாறு சொல்வது. வெட்டியவர் மனத்திலும் சீரமைத்தவர் மனத்திலும் 2000 மீட்டர் இருந்திருக்க வழியில்லை. டீக்கடைக் கேள்வி அத்துடன் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அடுத்த கேள்வி அதைவிடப் பெரிதாக வந்து நின்றது: இந்தியாவுக்கு அந்த நான்கு சென்டிமீட்டர் முதலில் தேவைப்பட்டபோது எங்கே கிடைத்தது?

நம் பக்கத்தில் துடுப்புப் படகு புதிதல்ல. கல்கத்தா ரோயிங் கிளப் 1858-ஐச் சேர்ந்தது. கொழும்பு ரோயிங் கிளப் 1864, மெட்ராஸ் போட் கிளப் 1867, புனேயின் ராயல் கன்னாட் போட் கிளப் 1868. சென்னைக்கும் கொழும்புக்கும் இடையிலான ரெகாட்டா 1898-இல் தொடங்கியது. ஆனால் இவையெல்லாம் கிடைத்த நீரில் நடந்த போட்டிகள். அடையாறு எங்கே வளைகிறதோ அங்கே பந்தயம் முடியும். கொழும்பின் பெய்ரா ஏரி எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் ஓட்டம். லண்டனுக்கு அருகே ஹென்லியில்கூட ஒரு மைல் 550 கெஜம், அதாவது 2112 மீட்டர் என்ற சில்லறைக் கணக்குத்தான். தேம்ஸ் நதி அங்கே அவ்வளவு நேராக இருந்தது, அதனால் அவ்வளவு தூரம். நீரைப் பார்த்து விதி எழுதிய காலம் அது. 2000 மீட்டர் விதி முதலில் வந்து, அதற்கு ஏற்ற நீரைத் தேடிப் போவது பிந்திய பழக்கம். விதியும் ஒரேயடியாக வந்துவிடவில்லை. 1985 வரை பெண்களுக்குச் சர்வதேசப் பந்தயம் 1000 மீட்டர்தான்.

1982 நவம்பர் 19 முதல் டிசம்பர் 4 வரை டெல்லியில் ஒன்பதாவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. துடுப்புப் படகு ஆசியப் போட்டியில் இடம்பெற்றது அந்த முறைதான் முதல். போட்டி நடந்த இடங்களின் பட்டியலைத் தேடி எடுத்தேன். தடகளத்துக்கு நேரு அரங்கம், நீச்சலுக்குத் தல்கத்தோரா, பாய்மரப் படகுக்குப் பம்பாய்க் கடல். துடுப்புப் படகுக்கு நேராக எழுதியிருந்த பெயர்: ராம்கர் ஏரி, ஜெய்ப்பூர்.

பாலைவனத்தின் வாசலில் இருக்கும் ஊரில் படகுப் போட்டியா என்று புருவம் உயர்ந்தது உண்மை. ஆனால் பட்டியலைத் தொகுத்தவர்கள் தவறு செய்யவில்லை. ஜெய்ப்பூருக்கு வடகிழக்கே முப்பது கிலோமீட்டர் சுமாரில், பாணகங்கை ஆற்றின் குறுக்கே, மன்னர் இரண்டாம் மாதோ சிங் காலத்தில் 1897-இல் தொடங்கி 1903-இல் கட்டி முடித்த அணை அது. நிரம்பினால் 15 சதுர கிலோமீட்டருக்கு மேல் நீர். 1931-இலிருந்து ஜெய்ப்பூர் நகரமே அந்தத் தண்ணீரைக் குடித்தது. அங்கே என் காகிதக் கீற்றை வைக்க இடம் தேட வேண்டியதில்லை. எங்கு போட்டாலும் விழும்.

இங்கிருந்துதான் ஆவணங்கள் என்னை அலைக்கழித்தன. என் கைக்கு எட்டிய விளையாட்டுப் பதிவுகள் வென்றவர் யார், எந்த நாடு, எந்தப் பதக்கம் என்பதைத் தந்தன. நீரைப் பற்றி அவற்றில் ஒரு வரி இல்லை. ஏரி அந்த ஆண்டு எவ்வளவு நிரம்பியிருந்தது? யாருடைய அனுமதியில் மிதவை கட்டினார்கள்? போட்டி முடிந்த பின் தடம் என்ன ஆயிற்று? படகுத் தடம் என்பது முக்கால்வாசி நீர்ப்பாசனச் சமாசாரம். அதன் வரலாற்றை விளையாட்டுத் துறைத் தாள்களில் தேடுவது, பத்திரப்பதிவு அலுவலகத்தில் போய் ஜாதகம் கேட்பது போலத்தான். ஆகவே பக்கம் மாறினேன். அணை விவரங்கள், வெள்ளச் செய்திகள், நீதிமன்ற உத்தரவுகள் என்று தேடத் தொடங்கியதும் கதை வேகமாக அவிழ்ந்தது.

முதல் துப்பு 1981. அந்த ஜூலையில் ஜெய்ப்பூரில் பெருமழை, வெள்ளம், உயிர்ச்சேதம். ராம்கர் அணை நிரம்பி வழிந்தது. அதற்குப் பிறகு அது நிரம்பி வழியவே இல்லை. அதாவது, ஆசியப் போட்டிக்கு முந்தைய ஆண்டு பெய்த அசாதாரண மழைதான் அந்த ஏரியின் கடைசி முழு நிறைவு. 1982 நவம்பரில் படகுகள் ஓடிய நீரில் எவ்வளவு அந்த மழையின் மிச்சம் என்று எந்தப் பதக்கப் பட்டியலும் சொல்லாது. ஒரு நூற்றாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தைப் பார்த்து இடம் தேர்ந்தார்களா, வெள்ளத்துக்கு முன்பே முடிவாகிவிட்டதா என்பதைவிட எனக்கு உறுத்தியது வேறு. இடம் தேர்ந்தவர்கள் ஏரியைப் பார்த்தார்கள். ஏரிக்கு நீர் வரும் வழியைப் பார்க்கும் பொறுப்பு அவர்களுக்கு இல்லை.

இரண்டாவது துப்பு நீதிமன்றத்தில் கிடைத்தது. 2004 ஆகஸ்டில், அப்துல் ரஹ்மான் என்பவர் தொடுத்த வழக்கில், ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் மாநிலத்தின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளை 1947 ஆகஸ்ட் 15 அன்று இருந்த நிலைக்கு மீட்க வேண்டும் என்று சொன்னது. சுதந்திர நாளையே அளவுகோலாக நட்டுவைத்த அந்த உத்தரவு இன்றும் வழக்கறிஞர்கள் வாயில் அடிபடுகிறது. 2011-இல் அதே நீதிமன்றம் ராம்கருக்காகவே தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. ஏரி அதற்குள் வறண்டு பத்தாண்டு கடந்திருந்தது. ஆற்றுப் படுகையில் ஆக்கிரமிப்பு, விவசாயத்துக்கு என்று பிரித்துக் கொடுத்த நிலங்கள், நீர் வரும் வழியெங்கும் கட்டுமானம், மேலே வரிசையாக எழுந்த சிறு தடுப்பணைகள் எல்லாம் விசாரணைக்கு வந்தன.

தடுப்பணைகளைப் பற்றி ஒரு வார்த்தை. தனித்தனியே எடுத்தால் ஒவ்வொன்றும் பாராட்டுக்குரிய காரியம். ஊர்க் கிணறு ஊறுகிறது, நிலம் விளைகிறது. நூற்றுக்கணக்கில் சேரும்போது கீழே இருக்கும் பெரிய அணைக்கு வரும் ஓட்டம் நின்றுபோகிறது. நல்லவர் பலர் சேர்ந்து செய்த நல்ல காரியங்களால் ஒரு ஏரி செத்தது என்று எழுத எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஆக்கிரமிப்பாளர்களை மட்டும் குற்றம் சொல்லி முடித்தால் கதை எளிதாகிவிடும். தாள்கள் அவ்வளவு எளிதாக இல்லை.

பிசல்பூர் அணை நீர் ஜெய்ப்பூருக்கு வந்தது 2009-இல். இங்கே வரிசை முக்கியம். புது நீர் வந்ததால் பழைய ஏரியைக் கைவிட்டார்கள் என்று முதலில் தோன்றும். ஆனால் ராம்கர் முன்பே வறண்டது. பிசல்பூர் பின்னால் வந்தது. தேவை இருந்தபோதே காப்பாற்ற முடியவில்லை. 2025 ஆகஸ்டில் ட்ரோன் பறக்கவிட்டு அந்த ஏரிமேல் செயற்கை மழை பெய்விக்க முயன்றார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. நாட்டின் முதல் ஆசியப் போட்டிப் படகுத் தடம் இப்போது வானிலைச் சோதனைக் களம்.

ராம்கரை விட்டுவிட்டு மற்ற இடங்களைத் தேடினேன். 1989 ஆசிய துடுப்புப் படகுச் சாம்பியன் போட்டி சண்டிகர் சுக்னா ஏரியில் நடந்தது. கார்பூசியேவும் தலைமைப் பொறியாளர் பி. எல். வர்மாவும் 1958-இல், சுக்னா ஓடையை மறித்து உருவாக்கிய ஏரி. ஓடை நேராக ஏரிக்குள் வண்டலைக் கொட்டியதால் ஆழம் குறைந்து, 1974-இல் ஓடையையே திருப்பிவிட வேண்டியதாயிற்று. வண்டல் குறைந்தது, நீரும் குறைந்தது. 2005 ஆசியச் சாம்பியன் போட்டி ஹைதராபாத் ஹுசேன் சாகரில். குதுப் ஷாகி காலத்து, பதினாறாம் நூற்றாண்டு ஏரி. 2015 தேசிய விளையாட்டின் படகுப் போட்டிகள் ஆலப்புழைக் காயலில். கல்கத்தாவில் இன்று ரவீந்திர சரோவர் என்று அழைக்கப்படும் ஏரியை 1920-களில் நகர மேம்பாட்டு டிரஸ்ட் தோண்டியது. தோண்டியது என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் அங்கும் நோக்கம் படகு அல்ல. தெற்கே பள்ளமான நிலத்தை மேடாக்க மண் வேண்டியிருந்தது. மண் எடுத்த குழியில் நீர் நின்றது, கிளப்புகள் வந்து சேர்ந்தன. படகுத் தடத்துக்கு இடம் தேடுபவர்கள் அந்தக் குழியின் கதையைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது: பக்கத்து மனையின் மேட்டுக்காக வெட்டியதுதான் நம் நாட்டின் புகழ்பெற்ற படகு ஏரி.

பட்டியலைக் கீழிறங்கிப் பார்க்கப் பார்க்க ஒரே சங்கதிதான். பாசனத்துக்கு வெட்டியது, குடிக்கக் கட்டியது, நகர அழகுக்கு மறித்தது, மண்ணுக்காகத் தோண்டியது. துடுப்புப் படகு எல்லா இடத்திலும் வாடகைக்குக் குடியிருந்திருக்கிறது. கூரை ஒழுகினால் குடியிருப்பவனால் ஓடு மாற்ற முடியாது.

வெளிநாட்டில் எல்லோரும் சொந்த வீடு கட்டிக்கொண்டார்களா என்றால் பலர் கட்டினார்கள். ஆம்ஸ்டர்டாமின் பாஸ்பான் தடத்தை 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையில்லாதவர்களைக் கொண்டு வெட்டினார்கள். 1937-இல் அங்கே ஐரோப்பியச் சாம்பியன் போட்டி நடந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்குக்குப் பயன்பட்ட டார்னி ஏரி ஒரு பள்ளிக்காக வெட்டப்பட்டது. நேர்கோடாக, சம ஆழமாக, கரையில் பயிற்சியாளர் சைக்கிள் ஓட்டப் பாதையோடு. பெரிய ஆற்றையோ கண்மாயையோ நம்பாத நீர். நம் ஊரில் நீரை நம்பித்தான் கட்ட முடியும் என்று நினைத்தோம். அவர்கள் நிலத்தை நம்பினார்கள்.

இனி பெங்களூருக்குத் திரும்ப வேண்டும். 57 எச்/9 தாளில் அல்சூரிலிருந்து தென்கிழக்காக விரலை நகர்த்தினால், அல்சூர் ஏரியின் உபரி நீர் போகும் அதே திசையில், பெல்லந்தூர் வரும். 3.6 கிலோமீட்டர் நீளம், 1.4 கிலோமீட்டர் அகலம் என்பது அதன் பழைய அளவு. கீற்றை வைத்தேன். விழுந்தது. நுனிக்கு நுனி இடம் மிச்சம் வைத்து விழுந்தது. நகரத்துக்குள் அந்த நான்கு சென்டிமீட்டர் இருந்திருக்கிறது!

அந்த நேர்நீளத்தை யாராவது எப்போதாவது உபயோகித்தார்களா என்று தேடியபோது கிடைத்தது படகு அல்ல, விமானம். இரண்டாம் உலகப் போரின்போது, 1940 டிசம்பரில் தொடங்கிய இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, அமெரிக்கப் படையின் கேட்டலினா கடல் விமானங்களைப் பழுதுபார்த்தது. நீரில் இறங்கும் விமானத்துக்கு நீர் வேண்டும். அவை பெல்லந்தூர் ஏரியில்தான் இறங்கின. அங்கிருந்து தொழிற்சாலைக்கு இழுத்து ஏற்றப்பட்டன. கடல் விமானம் எழும்பவும் இறங்கவும் கேட்பது கிட்டத்தட்டப் படகுத் தடம் கேட்பதைத்தான்: தடையில்லாத, நேரான, போதிய ஆழமுள்ள நீர். ஒரு நகரத்தின் ஏரி என்னவெல்லாம் செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியை நான் தேடியிருக்க முடியாது. கட்டியவர்கள் நெல்லுக்காகக் கட்டினார்கள். அறுபது அடிக்கு மேல் நீளமுள்ள விமானம் வந்து இறங்கியது.

அந்த நீர் பிறகு என்ன ஆயிற்று என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. நகரின் கழிவுநீரில் பெரும்பங்கு அங்கே போய்ச் சேர்ந்தது. நுரை பொங்கிச் சாலைக்கு வந்தது. 2017 பிப்ரவரியில் ஏரி தீப்பிடித்துப் புகை கிளம்பியது. 2018 ஜனவரியில் மறுபடி தீ, அணைக்க ராணுவ வீரர்கள் இறங்க வேண்டியிருந்தது. அதே நீர் வர்த்தூர் வழியாகத் தென்பெண்ணையில் கலந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு நுரையாகவே போய்ச் சேர்கிறது. லிங்கராஜபுரத்தில் குழாயடியில் நின்று பேசுகிறவர்கள் பலருக்கு அந்தப் பக்கத்தில் உறவினர் இருக்கிறார்கள். இங்கே ஊற்றியது அங்கே போய் நிற்கிறது என்று யாரும் அவர்களுக்கு வரைபடம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

பெங்களூர் விளையாட்டுக்கு ஏரி கொடுக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தாராளமாகக் கொடுத்திருக்கிறது. சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா அரங்கம் நிற்கிறது. 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்கு அங்கேதான் தடகளம். அக்கித்திம்மனஹள்ளி ஏரி ஹாக்கி மைதானமாயிற்று. சல்லகட்டா ஏரி கோல்ஃப் மைதானமாயிற்று. ஓட்டத்துக்கு ஒன்று, ஹாக்கிக்கு ஒன்று, கோல்ஃபுக்கு ஒன்று. நீரில் ஆடும் விளையாட்டுக்கு மட்டும் ஏரி கிடைக்கவில்லை. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. தாள்களை வரிசையாக அடுக்கினால் தானாகவே இப்படித்தான் வருகிறது.

சம்பங்கியின் கதையில் ஒரு தடயம் ராம்கருக்கு நேர் எதிராக இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தண்டு (கன்டோன்மென்ட்) பகுதிக்குக் குடிநீர் கொடுத்த ஏரிகளில் அதுவும் ஒன்று. 1890-களில் அர்க்காவதி நீரை ஹெசரகட்டாவிலிருந்து குழாயில் கொண்டுவந்தார்கள். நகரம் தன் பக்கத்து ஏரியைக் குடிப்பதை நிறுத்தியது. அதன் பிறகு சம்பங்கியைச் சுற்றித் தோட்டம் போட்டு வாழ்ந்த திகளர்களுக்குத்தான் அந்த நீர் தேவை, நகரத்துக்குத் தேவையில்லை. கரக உற்சவத்தின் சடங்குக்கு மட்டும் ஒரு சிறு குளம் இன்னும் மிஞ்சியிருக்கிறது. ஜெய்ப்பூரில் ஏரி செத்த பிறகு புதுக் குழாய் வந்தது. இங்கே புதுக் குழாய் வந்த பிறகு ஏரி செத்தது. எந்த வரிசையில் நடந்தாலும் முடிவு ஒன்றாக இருப்பதை எப்படி விளக்குவது என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவு இழப்புக்கு நடுவில் துடுப்புப் படகு இந்தியாவில் எப்படி உயிரோடு இருக்கிறது? பதக்கங்கள் வந்துகொண்டுதானே இருக்கின்றன! 2010 குவாங்சௌ ஆசியப் போட்டியில் ஒற்றையர் பிரிவில் பஜ்ரங் லால் தக்கர் தங்கம் வென்றார். இந்தியத் துடுப்புப் படகுக்கு ஆசியப் போட்டியில் அதுதான் முதல் தங்கம். ஊர் ராஜஸ்தானின் சீகர், வேலை ராணுவம். 2018 ஜகார்த்தா-பாலெம்பாங் ஆசியப் போட்டியில் நால்வர் படகுத் தங்கம். அந்த அணியிலிருந்த தத்து போகனல் நாசிக் மாவட்டத்தின் வறண்ட கிராமம் ஒன்றில் அப்பாவோடு கிணறு வெட்டி வளர்ந்தவர், ராணுவத்தில் சேர்ந்த பிறகே துடுப்பைத் தொட்டவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் துடுப்புப் போட்ட அர்ஜுன் லால் ஜாட், அர்விந்த் சிங் இருவரும் ராணுவத்தினர். 2023 ஹாங்சௌவில் ஐந்து பதக்கம், பெரும்பாலும் சீருடைக்காரர்கள். தண்ணீர் இல்லாத ஊர்களிலிருந்து வந்தவர்கள் இத்தனை பேர் என்பது வியப்புக்குரியது என்று எல்லாக் கட்டுரையும் எழுதும். எனக்கு அதைவிட வியப்பு, அவர்கள் எந்த நீரில் பயின்றார்கள் என்பது.

விடை புனேயில் இருந்தது. ராணுவப் பொறியியல் கல்லூரி வளாகத்துக்குள் வெட்டப்பட்ட செயற்கைத் தடம். ராணுவத்தின் துடுப்புப் படகுப் பயிற்சி மையமும் அங்கேதான். பாசனம் கேட்காத, குடிநீர் கேட்காத, படகு ஓடுவதற்கென்றே வெட்டிய நீர். வெட்டியவர்கள் யாரென்று பார்த்தால், அல்சூர் கரையிலிருக்கும் நம் சாப்பர்களின் அதே பொறியியல் படைப்பிரிவு.

சாப்பர்களுக்குத் தண்ணீர் பொழுதுபோக்கு இல்லை, தொழில். ஆற்றைக் கடக்கப் பாலம் போடுவது, மிதவை கட்டுவது, படகு செலுத்துவது ஆகியவற்றை இளம் வீரன் முதல் ஆண்டிலேயே கற்க வேண்டும். 1780-இல் திரட்டப்பட்டு, 1830-களிலிருந்து பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் ஏரிக்கரையில் குடியிருப்பதற்கு அதுவே போதுமான காரணம். இதே படையின் கேப்டன் மெக்ளின்டாக் 1912-இல் முள்வேலியைத் தகர்க்கும் குழாய்க் குண்டைக் கண்டுபிடித்து, அது பெங்களூர் டார்பிடோ என்று உலகமெங்கும் போனது. ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லும் அந்தக் கதையில் ஏரி வருவதில்லை, ஆனால் ஏரியில்லாமல் அந்தப் படை இந்த ஊரில் நிலைத்திருக்காது என்று நினைக்கிறேன். 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தபோது நாளிதழ்கள் மூச்சுமுட்டச் செய்தி எழுதின. ஆகாயத்தாமரையை வாரி எடுக்க நீரில் இறங்கியவர்களில் சாப்பர்களும் உண்டு. வேலைக்கு நீர் வேண்டியவர்கள் இறங்குவார்கள். போட்டிக்கு மட்டும் நீர் வேண்டியவர்கள் அடுத்த ஊர் பார்ப்பார்கள். நான் படித்த எல்லா ஏரிகளின் கதையிலும் இந்த வித்தியாசம் இருக்கிறது.

டீக்கடைக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். 2000 மீட்டருக்கு அல்சூர் இடம் கொடுக்காது. ஆனால் அந்த எண்ணும் கல்வெட்டு அல்ல. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கின் துடுப்புப் படகுப் போட்டி லாங் பீச்சில் நடக்கப்போகிறது. 1932 ஒலிம்பிக்குக்காக உருவாக்கிய தடம் அது. பிறகு குறுக்கே பாலம் ஒன்று வந்துவிட்டதால் 2000 மீட்டர் கொள்ளவில்லை. ஆகவே பந்தயத்தையே 1500 மீட்டராகக் குறைத்துவிட்டார்கள். ஒலிம்பிக் என்றால் விதி நீருக்கு வளையும் என்பதை நம் ஊர் அலுவலர்கள் கவனிக்க வேண்டும். 1500-உம் அல்சூருக்கு அதிகம்தான்.

கயாக், கேனோ கணக்கு வேறு. பாரிஸ் ஒலிம்பிக்கில் விரைவுப் பந்தயங்கள் பெரும்பாலும் 500 மீட்டர்; தாளில் ஒரு சென்டிமீட்டர். தீவுகளுக்கு விலகி அல்சூரில் அந்த ஒரு சென்டிமீட்டரைப் போட வழி இருக்கிறது. 81 மீட்டர் அகலமும் கிடைக்கும். மாநில அளவு, தேசிய அளவு இளையோர் போட்டிக்கு அது தாராளம். சிங்கப்பூரோ ஆம்ஸ்டர்டாமோ போகாமலேயே லிங்கராஜபுரத்துப் பிள்ளை பேருந்தில் ஏறிப் போய்ப் பயிற்சி எடுக்கலாம். கீற்று சொல்லாதது ஆழம். அதைக் கயிறும் ஈயக்குண்டும் கட்டி, கோடை முடிவில் ஒரு முறை, மழை முடிவில் ஒரு முறை அளக்க வேண்டும். ஏரிக்கு நீர் கொண்டுவரும் ராஜகால்வாய்கள் எங்கெங்கே கழிவுநீரோடு கலக்கின்றன என்பதையும் அதே கோப்பில் எழுத வேண்டும். மிதவை, கரை மேடை, நேரக் கருவி ஆகியவற்றுக்கு விலைப்புள்ளி கேட்பது அந்தக் கோப்பு முடிந்த பிறகு போதும். ராம்கருக்கு அப்படி ஒரு கோப்பு 1982-இல் இருந்திருந்தால், நான் அதைத்தான் முதலில் தேடியிருப்பேன்.